லக்ராஸ் ஹெல்மெட்: வெறும் கம்பிக்கூண்டா, கண் ஷீல்டும் சேர்த்தா?

லக்ராஸ் என்பது வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம். அமெரிக்கப் பள்ளிகளில் ஆண்கள் ஆடும் லக்ராஸில், ஹெல்மெட்டின் முகப்பில் உள்ள கம்பிக்கூண்டே பந்தைத் தடுத்துவிடும். பந்தின் விட்டம் சுமார் 63 மில்லிமீட்டர். கம்பி இடைவெளியில் அது நுழையாது. ஆனால் எதிராளியின் விரல், தெறிக்கும் சேறு எல்லாம் நுழையும். அங்கேதான் கண்களுக்கு முன்னால் மாட்டும் பாலிகார்பனேட் (கெட்டியான பிளாஸ்டிக்) ஷீல்டு உதவுகிறது. கண்ணில் ஏற்கெனவே அடிபட்டவர்கள் யோசிக்காமல் மாட்டலாம்.

கூண்டு மட்டும் இருந்தால் காற்று தாராளமாக வரும், பார்வை மங்காது. ஷீல்டிலோ மழையிலும் வியர்வையிலும் ஆவி படியும். பந்தை நொடியில் பார்த்தாக வேண்டிய கோல்கீப்பருக்கு இது பெரிய தொல்லை. அவருக்கு நான் கூண்டையே சொல்வேன். ஷீல்டில் கீறலும் சீக்கிரம் விழும், மென்துணியால்தான் துடைக்க வேண்டும்.

அப்புறம், ஷீல்டு வாங்குவதானால் நிறமில்லாததையே வாங்குங்கள். அடிபட்டவரின் கண்களை ஹெல்மெட்டைக் கழற்றாமலே பார்க்க முடியும். உங்கள் ஹெல்மெட்டைத் தயாரித்தவர் அனுமதித்த ஷீல்டுதானா என்பதையும் கேளுங்கள். இல்லையென்றால் ஹெல்மெட்டின் பாதுகாப்புச் சான்று செல்லாமல் போகலாம்.