மண்டபம் ஊர்ல எங்க கேபிள் அண்ணன் குடுத்த ஃபைபர் லைன், எட்டு மாசம் கழிச்சு

முன்னாடி காப்பர் லைன் இருந்துச்சு, கடல் உப்புக்காத்துல ஜாயின்ட்டெல்லாம் பச்சை பூத்து மாசத்துல பாதி நாள் நெட்டே இருக்காது. ஃபைபர்ல போறது வெளிச்சம், இழை கண்ணாடி, அதனால துருப்பிடிக்கிற பேச்சே இல்ல. சவுதில இருக்க மச்சான் கூட வீடியோ கால் இப்ப ஸ்டக் ஆகாம ஓடுது.

ஆனா நான் மனசார பாராட்டுறது இங்க உள்ள ஆபரேட்டருங்க சங்கத்ததான். ஆளுக்கொரு கேபிள் இழுக்காம எல்லாரும் சேந்து ஒரே மெயின் லைன் போட்டு, இழைய ஒட்டுற ஸ்ப்ளைசிங் மிஷினை பொதுவுல வாங்கி, பசங்களுக்கு ட்ரெய்னிங்கும் குடுத்துருக்காங்க. அமெரிக்காவுல 2001லயே ஃபைபருக்குன்னு தனி சங்கம் ஆரம்பிச்சு ட்ரெய்னிங், அரசாங்கத்துகிட்ட பேசுறதுன்னு இதத்தான் செஞ்சாங்க. தனி ஆளா போயி கம்பத்துல கேபிள் கட்ட பர்மிஷன் கேட்டா யாரு குடுப்பா சொல்லுங்க?

ஐப்பசி காத்துல ஒருநா லைன் அறுந்து வீட்டுல உள்ள நெட் பாக்ஸ்ல சிவப்பு லைட் எரிஞ்சுச்சு. தம்பி ஒருத்தன் வந்து இழைய ஸ்பிரிட்டால துடைச்சு, நறுக்கா வெட்டி, மிஷின்ல வச்சு ஒட்டுனான், வெளிச்சம் எவ்வளவு வருதுன்னு பாக்குற மீட்டர்ல மைனஸ் 21 dBm காட்டுச்சு, அது போதுமான அளவுதான், அரை மணி நேரத்துல பச்சை லைட்டு வந்துருச்சு.

குறைன்னா ஒண்ணுதான், கரண்ட் போனா பாக்ஸும் ஆஃப் ஆயிரும், சின்ன யுபிஎஸ் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க.