மாடித்தோட்டக் குழுக்களில் விளம்பரம்: கொடுக்கலாமா, வேண்டாமா?

ஆனி பிறந்துவிட்டால் விதை, குரோபேக் (செடி வளர்க்கும் பை), கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் விற்கிற சிறு கடைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தொடங்கிவிடும். ஆடி முதல் தேதி ஜூலை 17 வாக்கில் வரும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறவர்கள் அதற்கு ஒரு மாதம் முன்பே மண்கலவை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். விளம்பரத்துக்கென்று கையில் மூவாயிரம் ரூபாய் இருக்கிறது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பில் இருக்கிற மாடித்தோட்டக் குழுவில் நேராகப் போஸ்ட் போடுவதா, அட்மினுக்குப் பணம் கொடுத்து மேலே பின் செய்யச் சொல்வதா, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் போடுவதா, காசே செலவழிக்காமல் குழுவில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதா?

எந்த வழி நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நீங்கள் விற்கிற பொருளை வாங்கும் முன் ஒருவர் நாலு பேரைக் கேட்பாரா, விலையை மட்டும் பார்த்து வாங்கிவிடுவாரா என்பதுதான் முடிவு செய்கிறது.

பொருளுக்குப் பொருள் மாறும்

குரோபேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 12-க்கு 12 அங்குலமா, 15-க்கு 15-ஆ, எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கனம்), வெயில் தாங்கும் யூவி பாதுகாப்பு உண்டா. இந்த மூன்றும் தெரிந்தால் மிச்சம் விலைதான். குழுவில் குரோபேக் விளம்பரம் போட்டால் பத்தாவது கமென்டுக்குள் யாராவது இன்னும் குறைந்த விலைக்கு ஒரு இணைப்பைப் போட்டுவிடுவார். இன்னொருவர் பழைய பெயின்ட் வாளியில் நாலு ஓட்டை போட்டால் போதும் என்பார். அவர் சொல்வதும் சரிதான். குரோபேக் விற்பவருக்குக் குழு விளம்பரம் வேண்டாம்.

கோகோபீட்டுக்கு வேறு சிக்கல். 5 கிலோ கட்டி, 25 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஊறி 60 லிட்டருக்கு மேல் பொங்கி வரும் என்று விளக்கலாம், ஆர்வமாகக் கேட்பார்கள். ஆனால் கூரியர் செலவு பொருளின் விலையைத் தின்றுவிடும். பொள்ளாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே ஒரு கட்டி அனுப்பி யாரும் லாபம் பார்த்ததில்லை. குழு உறுப்பினர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பார்கள். மண்புழு உரத்துக்கும் இதே கதைதான். இந்த இரண்டுக்கும் கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட்டுக் காட்டும் மெட்டா விளம்பரம்தான் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் காசு கொடுத்துப் போடுவது) பொருந்தும். அந்த வசதி குழுவில் கிடையாது.

குழு உண்மையில் கைகொடுப்பது விதைக்கு. பாக்கெட்டைப் பார்த்து யாரும் முளைப்புத்திறனைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால் முன்பு வாங்கியவரைக் கேட்டாக வேண்டும். ஆனால் மாடித்தோட்டக் குழுவில் விதைக்கடைக்குப் பெரிய போட்டி இன்னொரு விதைக்கடை இல்லை. சுயமுகவரியிட்ட உறையை அனுப்பினால் நாட்டுக் கத்தரி, சுரை, அவரை விதையைச் சும்மா தருகிற உறுப்பினர்தான் போட்டி. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு அதே நாட்டுச் சுரையைப் பாக்கெட் முப்பது ரூபாய் என்று கூவினால் எடுபடாது, முகச்சுளிப்பும் மிஞ்சும். வீட்டில் எடுக்க முடியாத விதைகளைக் கொண்டுபோங்கள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் பூத்து விதை பிடிக்கக் குளிர் வேண்டும், நம் சமவெளியில் அது பெரும்பாலும் நடக்காது. வெங்காய விதை ஓராண்டு தாண்டினாலே முளைப்பு விழுந்துவிடும், எனவே புது விதைக்கு எப்போதும் தேவை உண்டு.

நேரடிப் போஸ்ட்

செலவில்லை என்பதால் எல்லோரும் முதலில் செய்வது இதுதான். அதிகம் சொதப்புவதும் இதில்தான். ஒரே படத்தையும் வாசகத்தையும் ஒரே மாலையில் இருபது குழுக்களில் ஒட்டினால் முதலில் ஃபேஸ்புக்கே ஸ்பேம் என்று நினைத்துச் சில நாட்களுக்குக் குழுக்களில் எழுத விடாமல் தடுத்துவிடும். அது தப்பினாலும், மாடித்தோட்ட ஆர்வலர் ஒருவரே ஐந்தாறு குழுக்களில் இருப்பார். இருபது குழுவின் உறுப்பினர்களைக் கூட்டி இரண்டு லட்சம் பேர் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். அவர் கண்ணுக்கோ ஒரே மாலையில் ஆறு தரம் வந்து நிற்கிற தொல்லை அது.

இந்த வேலைக்கு வயது முப்பதுக்கு மேல் ஆகிறது. 1994 ஏப்ரலில் லாரன்ஸ் கான்டர், மார்தா சீகல் என்ற அமெரிக்க வழக்கறிஞர் தம்பதி கிரீன் கார்டு விளம்பரம் ஒன்றை அன்றைய இணைய விவாத வலையான யூஸ்நெட்டின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் கொட்டினார்கள். திரும்பி வந்த கண்டனக் கடிதங்களின் கனத்தில் அவர்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் கணினியே படுத்துவிட்டது.

போட்டே ஆக வேண்டும் என்றால் குழுவின் விதிகளை முதலில் படியுங்கள். பல குழுக்களில் வாரத்துக்கு ஒரு நாள்தான் விற்பனைக்கு. இணைப்பு இருக்கிற போஸ்டைத் தானாகவே தள்ளிவிடும்படி அட்மின்கள் அமைத்து வைத்திருக்கலாம், எனவே இணைப்பைப் போஸ்டுக்குள் வைக்காதீர்கள். விலையைப் பொதுவில் எழுதுங்கள். “விலை என்ன?” என்று கேட்டவருக்கு “இன்பாக்ஸ் வாங்க” என்று சொன்னால், ஆளுக்கு ஆள் விலை மாறுகிறது என்றுதான் மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். எடை அல்லது விதை எண்ணிக்கை, எந்த மாதம் எடுத்த விதை, தபால் செலவு, உரிம எண் நான்கும் இருக்கட்டும். விதை விற்க 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் தேவை. குழுவில் அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருப்பார்.

அட்மினுக்குப் பணம்

“எங்கள் குழுவில் எண்பதாயிரம் பேர்” என்று அட்மின் சொல்வார். அந்த எண்ணை அப்படியே ஓரம் வையுங்கள். ஃபேஸ்புக் அட்மினுக்குக் குழுவின் புள்ளிவிவரப் பக்கம் தெரியும். கடந்த 28 நாளில் எத்தனை பேர் நடமாடினார்கள், எந்த ஊர், எந்த நாடு என்று அதில் இருக்கும். அந்தத் திரைப்பிடிப்பைக் கேளுங்கள். தமிழ்க் குழுக்களில் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா உறுப்பினர்கள் கணிசமாக இருப்பார்கள். ஆர்வமாகப் பேசுவார்கள், லைக் போடுவார்கள். ஆனால் பூச்சி, நோய் இல்லை என்று அரசு தரும் பயிர்நலச் சான்றிதழ் இல்லாமல் அவர்களுக்கு ஒரு பாக்கெட் விதைகூட முறையாக அனுப்ப முடியாது. அவர்களைக் கழித்து மிஞ்சுகிற எண்ணுக்குத்தான் நீங்கள் பணம் தருகிறீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் கணக்கு இன்னும் எளிது. ஒரு குழுவில் அதிகபட்சம் 1,024 பேர். செய்தியை 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று பின் செய்யலாம். 30 நாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள், நாலாவது நாளே அது கண்ணுக்குப் பழகிவிடும். ஆடிக்கு முந்தின வாரத்தில் 7 நாள் போதும்.

அட்மின் பணமோ இலவச விதையோ வாங்கிக்கொண்டு “நானே போட்டுப் பார்த்தேன், அருமை” என்று எழுதினால், அந்த உறவைச் சொல்லியாக வேண்டும். தவறான விளம்பரங்களுக்கும் பரிந்துரைகளுக்கும் எதிராக 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைக் கேட்கிறது. இன்னொரு பழக்கமும் இருக்கிறது. மச்சான், தங்கை பெயர்களில் கணக்கு திறந்து “போன வருஷம் வாங்கினேன், நூற்றுக்கு நூறு முளைச்சுது” என்று எழுத வைப்பது. விற்பவர் நுகர்வோர் வேடத்தில் மதிப்புரை எழுதுவதை 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன. சட்டத்தை விடுங்கள், நூற்றுக்கு நூறு முளைத்தது என்ற வரியைப் படித்ததுமே தோட்டம் போட்டவர் சிரித்துவிடுவார்.

பதில் சொல்லி விற்பது

ஒருவர் மிளகாய்ச் செடியின் படத்தைப் போட்டு “இலை சுருண்டுபோச்சு, என்ன செய்ய?” என்று கேட்கிறார். ஒரு கடைக்காரர் உடனே “எங்க வேப்பெண்ணெய் அரை லிட்டர் 220 ரூபாய், தொடர்புக்கு” என்று எழுதுகிறார். இன்னொருவர் இப்படி எழுதுகிறார்: “இலை மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கியிருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தால் சிலந்திப்பேன். உங்கள் படத்தில் மேல்நோக்கி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்க ஒன்றிரண்டு மில்லி சோப்புக் கரைசல். சாயங்காலம், இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள். ஐந்து நாள் விட்டு மறுபடி. நீல ஒட்டுப்பொறி ஒன்று கட்டுங்கள், மஞ்சள் பொறி வெள்ளை ஈக்குத்தான் நன்றாக வேலை செய்யும்.” விலையும் இல்லை, கடைப் பெயரும் இல்லை. பெயரைத் தொட்டால் அவர் விதைக்கடைக்காரர் என்று சுயவிவரத்தில் தெரியும்.

முதல் பதில் அன்றைக்கே செத்துவிடும். இரண்டாவது பதில் அடுத்த தையிலும் எடுபடும், ஏனென்றால் இலைச்சுருட்டைக் கேள்வி மாதாமாதம் வரும், யாராவது அந்தப் பழைய பதிலைக் கிளறி எடுத்துக் காட்டுவார்கள். குழு விளம்பரத்தில் பணத்தால் வாங்க முடியாத ஒரே இடம் இதுதான்.

செய்யும் முறை: ஒரு நாளைக்கு அரை மணி நேரம், இரண்டு அல்லது மூன்று குழு, அதற்கு மேல் வேண்டாம். பதில் தெரிந்த கேள்விக்கு மட்டும் எழுதுங்கள். உங்கள் பொருளுக்கே பாதகமான உண்மையையும் சொல்லுங்கள். கழுவாத கோகோபீட்டில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீர் அலசிவிட்டுப் போடாவிட்டால் நாற்றின் இலை நுனி கருகும் என்பதைக் கோகோபீட் விற்பவரே சொன்னால், அடுத்த கட்டியை அவரிடம்தான் வாங்குவார்கள். பொருளின் பெயரை யாராவது கேட்ட பிறகே சொல்லுங்கள். கேட்பார்கள்.

இதில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். ஆடி கூட்டத்தில் நேரமில்லாமல் கடைப்பையனிடம் போனைக் கொடுத்துவிடுவது. அவன் எல்லாக் கேள்விக்கும் பஞ்சகவ்யம் தெளியுங்கள் என்று எழுதுவான். ஒரு வருடம் சேர்த்த மரியாதை இரண்டு வாரத்தில் போய்விடும்.

மெட்டா விளம்பரத்தோடு வைத்துப் பார்த்தால்

ஓர் உதாரணக் கணக்கு. பத்து வகை விதை அடங்கிய பொதி 250 ரூபாய். விதை 80, பாக்கெட்டும் உறையும் 15, தபால் 50. மிச்சம் 105.

மெட்டா விளம்பரத்துக்கு 3,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3,540. அந்தப் பணம் திரும்ப 34 ஆர்டர் வேண்டும். (வரி உள்ள பொருளை விற்று, முறையான ஜிஎஸ்டி பதிவும் இருந்தால் வரியைக் கழித்துக்கொள்ளலாம். விதைப்புக்கான விதைக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் விதை மட்டும் விற்பவருக்கு இது பொருந்தாது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் அந்தச் சலுகை கிடையாது.) அட்மினுக்கு 1,500 கொடுத்தால் 15 ஆர்டர். பதில் சொல்லும் வழியில் மாதம் 26 நாள், தினம் அரை மணி, ஆக 13 மணி நேரம். உங்கள் நேரத்துக்கு மணிக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 1,300, அதாவது 13 ஆர்டர். இலவசம் என்று இதைச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஒரு குறிப்பிட்ட குழுவின் உறுப்பினர்களை மட்டும் குறிவைத்து மெட்டாவில் விளம்பரம் போட முடியாது. தோட்டக்கலை ஆர்வம், வயது, ஊர் என்றுதான் தேர்ந்தெடுக்கலாம். அதில் ரோஜாத்தொட்டி வைத்திருப்பவரும் வருவார், தோட்டமே போடாமல் வீடியோ மட்டும் பார்ப்பவரும் வருவார். புதிதாகத் தொடங்குகிறவர்களைப் பிடிக்க இது பரவாயில்லை, ஏனென்றால் அவர்கள் இன்னும் குழுவுக்கே வந்திருக்க மாட்டார்கள். போட்ட போஸ்டையே காசு கொடுத்துப் பரப்பும் ‘பூஸ்ட்’ பட்டனை அழுத்தி லைக் வாங்காமல், வாட்ஸ்அப்பில் பேச வைக்கும் வகை விளம்பரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த வழியில் ஆர்டர் வந்தது என்று தெரியாவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண். வாட்ஸ்அப் அரட்டை இணைப்பில் முன்கூட்டியே ஒரு வாசகத்தை எழுதி வைக்கலாம். மெட்டா விளம்பரத்துக்கு “ஆடி பொதி வேண்டும்”, பின் செய்த போஸ்டுக்கு “ஆடி விதை வேண்டும்” என்று ஒரு சொல்லை மாற்றி வைத்தால், வருகிற முதல் செய்தியிலேயே வழி தெரிந்துவிடும்.

வாங்கியவர்களைச் சொந்தமாகச் சேர்த்து வைப்பது தனிக்கதை. இங்கே ஒன்று மட்டும்: குழுவில் தெரிகிற எண்களை எடுத்து, கேட்காமலேயே உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள். பத்துப் பேர் புகார் தட்டினால் கடை எண்ணே முடங்கலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை போடலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் எண்ணைச் சேமிக்கச் சொல்லி ஒரு வரி அச்சிடுங்கள்.

முளைக்கவில்லை என்ற போஸ்ட் வரும் நாள்

மெட்டா விளம்பரத்தின் கமென்டை மறைத்துவிடலாம். குழுவில் முடியாது. குழுவை நம்பி விதை விற்பவர் இதற்குத் தயாராக இருந்தால்தான் இறங்க வேண்டும்.

தயாரிப்பு விற்பனைக்கு முன்பே தொடங்குகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் 20 விதையை ஈரத் துணியில் சுருட்டி ஒரு டப்பாவில் வையுங்கள். தக்காளிக்கு ஒரு வாரம், மிளகாய்க்கு இரண்டு வாரம். 16 முளைத்தால் 80 சதவீதம். தேதியையும் எண்ணிக்கையையும் பாக்கெட்டில் எழுதி, துணியோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் வந்ததும் அதே போஸ்டின் கீழேயே பதில் எழுதுங்கள், இன்பாக்ஸுக்கு இழுக்காதீர்கள். பாக்கெட்டின் பின்பக்கப் படம், விதைத்த தேதி, எவ்வளவு ஆழம், என்ன கலவை என்று கேளுங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம்தான் கணக்கு. மிளகாய் விதையை ஒரு அங்குலம் புதைத்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். இருந்தாலும் “உங்க தப்புதான் மேடம்” என்று முதல் வரியில் எழுதாதீர்கள். வேறு தொகுதியிலிருந்து ஒரு பாக்கெட்டைத் தபால் செலவோடு அனுப்பிவிட்டு, இந்த முறை கால் அங்குலம் போதும் என்று சீட்டில் எழுதி வையுங்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே போஸ்டுக்குப் போய், எத்தனை முளைத்தது என்று நீங்களே கேளுங்கள்.