லினக்ஸ் பிரிட்ஜா, மேக்விடேப்பா?

லினக்ஸின் கேவிஎம் வசதியில் ஓடும் மெய்நிகர் கணினியை நெட்வொர்க்கோடு இணைக்க, பிரிட்ஜ் என்ற மென்பொருள் ஸ்விட்ச்சை வைக்கலாம்; அல்லது நெட்வொர்க் கார்டோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும் மேக்விடேப்பை வைக்கலாம். நெட்வொர்க் மந்தமானால், பிரிட்ஜைத் தூக்கிவிட்டு மேக்விடேப்புக்கு மாறத் தோன்றும். மேக்விடேப்பை அமைப்பது சுலபம், பாக்கெட் போகும் பாதையும் குறுகியது. ஆனால் வழக்கமான அமைப்பில் ஹோஸ்ட்டும் (அசல் கணினி) கெஸ்ட்டும் (அதற்குள் ஓடும் மெய்நிகர் கணினி) அதே கார்டு வழியாக நேரடியாகப் பேச முடியாது. ஹோஸ்ட்டிலேயே பேக்கப் வைப்பவருக்கு இது பெரிய இடைஞ்சல்.

பிரிட்ஜில் அந்தத் தொல்லை இல்லை. அது மெதுவானால் நான் முதலில் சந்தேகப்படுவது பிரிட்ஜ் பாக்கெட்டுகளை வடிகட்ட அனுப்பும் பிஆர்_நெட்ஃபில்டர் என்ற கெர்னல் மாட்யூலைத்தான். அது ஏறியிருந்தால், பிரிட்ஜுக்குள்ளேயே போகும் பாக்கெட்டுகள்கூட ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வாலின் விதிகள் வழியாகத்தான் போகவேண்டியிருக்கும். டாக்கர், குபெர்னெட்டிஸ் போன்ற கன்டெய்னர் மென்பொருள்கள் அதை நம்பி ஓடாத கணினியில் அந்த வடிகட்டலை அணைத்துப் பாருங்கள். அப்புறம், கெஸ்ட்டின் கார்டு இ1000 (நிஜ இன்டெல் கார்டு ஒன்றின் மென்பொருள் நகல்) என்றால், மெய்நிகர் கணினிக்கென்றே செய்த விர்ட்டியோவுக்கு மாற்றுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் வேகம் வராவிட்டால் மட்டும் மேக்விடேப்பைத் தொடுங்கள்.