இன்டேக் ஹீட் ஷீல்டு: தகட்டைவிட ரப்பர் பீடிங்தான் முக்கியம்

மூடியில்லாத கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் (ஓப்பன் கோன் ஃபில்டர்) போட்ட காரை, என்ஜின் அனல் அதில் படாமல் மறைக்கும் தகடான ஹீட் ஷீல்டு இல்லாமல் ஓட்டுவதில் பொருளில்லை. கம்பெனி தந்த மூடிய ஏர் பாக்ஸ் அப்படியே இருக்கும் காருக்கு ஹீட் ஷீல்டு வாங்குவதிலும் பொருளில்லை. பல கோடைகள் இதோடு ஓட்டிப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு இது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னுடையது டர்போ இல்லாத 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். ஃபில்டர் பேட்டரிக்குப் பக்கத்து மூலையில் இருக்கிறது. ஒரு பக்கம் ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் அனல், இன்னொரு பக்கம் என்ஜின் புகையை வெளியேற்றும் சூடான குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. நான் பொருத்தியது 1.5 மிமீ அலுமினியத் தகட்டை வளைத்துச் செய்த ஷீல்டு. கறுப்பு பவுடர் கோட்டிங், மேல்விளிம்பில் பானட்டைத் தொட்டு நிற்கும் ரப்பர் பட்டை (பீடிங்), முன்பக்கம் கிரில்லை நோக்கித் திறந்த வாய்.

சூடான காற்றால் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்று 60 டிகிரிக்குப் போனால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். அதே சிலிண்டருக்குள் அவ்வளவு குறைவான ஆக்சிஜன்தான் போகும். அதோடு முடிவதில்லை. உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை சென்சார் சொன்னதும், நாக்கிங் (எரிபொருள் கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வராமலிருக்க, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு, தீப்பொறி விழும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்னுக்கு இழுக்கும். வெயில் நாளில் சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி மந்தமாக இழுப்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்துதான் காரணம்.

பொருத்தும் வேலை கடினமில்லை, ஆனால் அவசரப்படக் கூடாது. என்ஜின் முழுக்க ஆறியபின், பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது. உலோகத் தகட்டைப் பேட்டரிக்கு அருகே புரட்டித் திருப்ப வேண்டியிருக்கும். பழைய ஏர் பாக்ஸ் உட்கார்ந்திருந்த எம்6 போல்ட் துளைகளிலேயே என் ஷீல்டு உட்கார்ந்தது. புதிதாகத் துளை போடச் சொல்லும் ஷீல்டை நான் வாங்க மாட்டேன்.

நான் அதிக நேரம் செலவிட்டது, ஃபில்டரிலிருந்து என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் பைப் தகட்டைக் கடந்து போகும் துளையில்தான். என்ஜின் மவுண்ட் மேல் ஆடிக்கொண்டே இருக்கும். பைப்பும் அதோடு ஆடும். ஷீல்டோ பாடியோடு இறுகி நிற்கும். இந்த இரண்டுக்கும் இடையே தாராளமான இடைவெளியும் துளையின் விளிம்பில் தடித்த ரப்பரும் இல்லாவிட்டால், தகட்டு விளிம்பு பைப்பை அரம்போல அறுத்துவிடும். அந்த ஓட்டை ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் விழுவதால் வடிகட்டாத தூசி நேரே சிலிண்டருக்குப் போகும். ஒயரிங் கட்டு தகட்டை உரசும் இடங்களுக்கும் இதே கவனம் வேண்டும். பானட் தட்டுமா என்று பார்க்க, தகட்டின் மேல்விளிம்பில் சின்னச் சின்னக் களிமண் உருண்டைகளை ஒட்டி பானட்டை மெதுவாக மூடித் திறந்தேன். களிமண் நசுங்கியிருந்த அளவைப் பார்த்தால் எங்கே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பலனைச் சொல்கிறேன். காரின் சென்சார் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரைச் சொருகி, பொருத்துவதற்கு முன்பும் பின்பும் இன்டேக் வெப்பத்தைத் தொடர்ந்து கவனித்தேன். சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும்போது முன்பு வெளிக்காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாகக் காட்டியது. இப்போது அதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் நெரிசலில் நின்றுவிட்டால் ஷீல்டு இருந்தாலும் வெப்பம் ஏறத்தான் செய்கிறது. ஏற்றம் மெதுவாக இருக்கிறது, அவ்வளவே. எனக்குப் பெரிதாகத் தெரிந்த மாற்றம் அதற்குப் பிறகு வருவது. வண்டி நகர்ந்ததும் அளவு சட்டென்று கீழே இறங்குகிறது. முன்பு சில கிலோமீட்டர் ஓடினால்தான் இறங்கும். தினமும் நின்று நின்று போகிறவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே ஷீல்டு தகும் என்பேன்.

இதற்கான காரணம் எளிது. இந்த அளவுள்ள என்ஜின் சும்மா நின்று ஓடும்போது நொடிக்கு 2, 3 கிராம் காற்றைத்தான் இழுக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து 6,000 ஆர்பிஎம்மில் போனால் அது 80 கிராம் வரை போகும். நிற்கும்போது காற்று பைப்புக்குள் ஊர்ந்து போவதால் சுற்றியுள்ள சூட்டையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. வேகமாக ஓடும்போது சூடேற நேரமே இல்லை. அப்போது ஃபில்டர் எந்தக் காற்றை எடுக்கிறது என்பதே கேள்வி. முன்பக்க வாய் கிரில்லின் குளிர்காற்றைத் தருகிறது, பீடிங் பின்பக்க அனலை மறிக்கிறது. சென்சாரைப் பற்றியும் ஒன்று: நிறுத்தி வைத்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ததும் காட்டும் பெரிய எண், சூடேறிப் போன சென்சார் உடலின் வெப்பத்தையும் சேர்த்துக் காட்டுவது. அதைப் பார்த்து எந்த ஷீல்டையும் எடைபோடாதீர்கள்.

பீடிங்கின் அருமை அது கெட்டபோதுதான் முழுதாகத் தெரிந்தது. என்ஜின் சூட்டில் ரப்பர் நாளடைவில் இறுகி, பானட்டோடு ஒட்டாமல் மேலே ஒரு விரல் அளவுக்குச் சந்து விட்டது. தகடு அப்படியே இருந்தும் ஸ்கேனரில் எண்கள் ஏறக்குறைய பழைய நிலைக்கே திரும்பின. சூட்டைத் தாங்கும் ஈபிடிஎம் ரப்பரில் புதுப் பீடிங் போட்டதும் மறுபடி இறங்கின. கடைகளில் தகட்டின் பளபளப்பைக் காட்டித்தான் விற்கிறார்கள். நான் முதலில் பானட்டை மூடினால் பீடிங் சுற்றிலும் பதிகிறதா என்றுதான் பார்ப்பேன். மேலே மூடியோடு வரும் ஷீல்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

கறுப்பு பவுடர் கோட்டிங் பார்க்க அழகு. ஆனால் கறுப்புப் பரப்பு கதிர்வீச்சு வெப்பத்தை உறிஞ்சும். பளபளப்பான வெறும் அலுமினியம் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் மேனிஃபோல்டைப் பார்க்கும் பக்கத்தில் மட்டும் வெப்பம் தாங்கும் அலுமினிய ஃபாயில் ஒட்டினேன். அது வேலை செய்ய ஃபாயிலுக்கும் சூடான பாகத்துக்கும் இடையே காற்றிடைவெளி வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் சூடு நேரே கடந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்தால் பளபளப்பு போய்விடும் என்பதால் சர்வீஸின்போது துடைத்துவிடுகிறேன். ஓரம் பெயர்ந்தால் உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும். ஃபாயில் மின்சாரத்தைக் கடத்தும், பேட்டரி பக்கத்திலேயே இருக்கிறது.

மற்றபடி பெரிய தொல்லை இல்லை. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் கடகடவென்று சத்தம் வரத் தொடங்கியது. நைலான் லாக் நட்டும் ரப்பர் வாஷரும் போட்டதும் நின்றது. ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் வெள்ளையாக அரிப்பு தெரிந்தது. அதையும் அந்த வாஷர்களே தடுத்துவிட்டன. மூலையில் சருகு சேரும், எடுத்துவிட வேண்டும். மழையைப் பொறுத்தவரை, வாய் கிரில் உயரத்திலேயே இருப்பதால் கவலைப்படவில்லை. குளிர்ந்த காற்று வேண்டும் என்று பைப்பை பம்பருக்குக் கீழே இறக்குகிறவர்கள் தேங்கிய நீரை என்ஜின் உறிஞ்சும் ஆபத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்படி நீர் புகுந்தால் வளைந்து போவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடாக இருக்கும்.

மைலேஜ் கூடியதா என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். கூடவில்லை, கூடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் என்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் வால்வு பாதி மூடித்தான் இருக்கும். காற்று அடர்த்தியாக வந்தால் அதே சக்திக்குத் திராட்டிலை இன்னும் கொஞ்சம் மூட வேண்டிவரும்; அந்த அடைப்புக்கு எதிராக இழுக்கும் வேலை என்ஜினுக்குக் கூடும். முழுக்க மிதிக்கும்போதும், வெயிலில் நின்று கிளம்பும்போதும் தெரிகிற இழுவைதான் இதன் பலன்.

டர்போ காருக்கும் பொருத்தலாமா என்றால், நான் அவசரப்பட மாட்டேன். ஃபில்டரில் பத்து டிகிரி மிச்சப்படுத்தினாலும் டர்போவின் கம்ப்ரஸர் அழுத்தும்போது காற்று நூறு டிகிரியைத் தாண்டிச் சூடேறும். அதைக் குளிர்விக்கும் பொறுப்பு இன்டர்கூலருடையது. அங்கே முதலில் இன்டர்கூலரின் மெல்லிய தகடுகள் (ஃபின்கள்) சேறும் பூச்சியும் அடைக்காமல் சுத்தமாக இருக்கின்றனவா, அதன் ஹோஸ் கிளாம்புகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். காசைச் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் செலவழிக்கலாம்.