பழைய 486-இல் 56கே மோடம்: கோளாறு மோடத்தில் இல்லை

பழைய கணினியில் வேகமான மோடம் ஒழுங்காக ஓடவில்லை என்றால் உடனே மோடத்தைத் தூக்கிப் போடாதீர்கள், டெலிபோன் லைனையும் திட்டாதீர்கள். முதலில் கணினியின் சீரியல் போர்ட்டில், அதாவது மோடம் கேபிள் செருகும் இடத்தில், என்ன சிப் இருக்கிறது என்று பாருங்கள். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் 486 டிஎக்ஸ்2-66 ப்ராசஸர் உள்ள கணினி ஒன்றை விண்டோஸ் 95 போட்டு, டெலிபோன் லைன் வழியே இணையத்தில் சேர்க்கிற, வெளியே வைக்கும் 56கே மோடத்தோடு பல வருடம் ஓட்டினேன், இணையச் சேவை நிறுவனங்களான ஜாரிங்குக்கு 1511, டிஎம்நெட்டுக்கு 1515 என்று டயல் செய்த காலம் அது.

அறிகுறி இதுதான். இணைப்பு வினாடிக்கு 45 கிலோபிட் அளவில் நன்றாகவே கிடைக்கும், முரசு அஞ்சல் தமிழ் மென்பொருளில் தட்டிய மின்னஞ்சல் போகும் வரும், ஆனால் பெரிய கோப்பு எதையாவது இறக்கினால் கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கவனித்துப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க் விளக்கு மின்னும் நேரத்தில்தான் நிற்கும். அந்த ஒரு விஷயம் போதும், காரணம் பெட்டிக்குள்ளேதான்.

சீரியல் போர்ட்டைத் தாங்கி நிற்கும் அந்தக் காலத்து ஐஓ கார்டுகள் பலவற்றில் 8250 அல்லது 16450 வகை சிப் இருக்கும். வந்த ஒரே ஒரு பைட்டைத்தான் அது பிடித்து வைக்கும். போர்ட்டின் வேகத்தை 115200-இல் வைத்தால் ஒரு வினாடிக்கு 11,520 பைட் வரை வரலாம், அதாவது ஒவ்வொன்றுக்கும் 87 மைக்ரோவினாடிதான். அதற்குள் ப்ராசஸர் வந்து எடுக்காவிட்டால் அடுத்த பைட் அதன் மேலேயே ஏறிவிடும், முந்தையது போனது போனதுதான். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிற 486 அவ்வளவு சீக்கிரம் திரும்பிப் பார்க்காது. மோடத்தில் வி.42 பிழைதிருத்தம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது இரண்டு மோடங்களுக்கு நடுவில் மட்டும்தான், மோடத்திலிருந்து கணினிக்கு வரும் கேபிளில் தொலைவது அதற்குத் தெரியவே தெரியாது.

சரி, வேகத்தை 38400-க்குக் குறைத்தால்? நிற்பது குறையும், ஆனால் லைனின் வேகத்தையே நீங்கள் வெட்டுகிறீர்கள். மோடங்கள் தகவலைச் சுருக்கி அனுப்பும் வி.42பிஸ் முறையால் எழுத்து நிறைந்த பக்கங்கள் லைன் வேகத்தைவிட வேகமாக வந்து விழும், அந்த லாபமும் போய்விடும்.

எனக்குத் தீர்வாக வந்தது 16550ஏ சிப் உள்ள ஐஎஸ்ஏ கார்டு, பழைய கணினிக்குள் செருகும் வகை, கோலாலம்பூர் இம்பி பிளாசாவில் வாங்கியது. 16 பைட் வரை சேர்த்து வைக்கும். வாங்கும்போது கடைசியில் அந்த ‘ஏ’ இருக்கிறதா பாருங்கள், முதலில் வந்த வெறும் 16550-இல் இந்த பஃபர் சரியாக வேலை செய்யாது. விண்டோஸ் 95-இல் மோடம் டயக்னாஸ்டிக்ஸில் சிப்பின் பெயர் தெரியும், டாஸில் எம்எஸ்டி என்ற நிரல் காட்டும். போட்ட பிறகு இறக்கம் நடுவில் நிற்பதே இல்லாமல் போனது, அத்தனை வருடமும்.

இரண்டு அமைப்புகளை விடாதீர்கள். ஒன்று, விண்டோஸ் 95-இன் மோடம் அமைப்பில் உள்ள ரிசீவ் பஃபர் ஸ்லைடர். அதைக் கடைசி வரை தள்ளினால் 14 பைட் நிறைந்த பிறகுதான் சிப் ப்ராசஸரைக் கூப்பிடும், மீதி இரண்டு பைட் இடம் மெதுவான கணினிக்குப் பத்தாது, நடுவில் வையுங்கள். இன்னொன்று, ‘கொஞ்சம் நில்’ என்று கணினியும் மோடமும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோல், அதற்கு ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் உள்ள முழு கேபிள் வேண்டும். காம் 3 என்ற சீரியல் போர்ட்டை, காம் 1 போர்ட் ப்ராசஸரைக் கூப்பிடப் பயன்படுத்தும் ஐஆர்கியூ 4 லைனிலேயே விட்டுவிட்டு மௌஸும் மோடமும் சண்டை போடுவதையும் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

உள்ளே செருகும் ஐஎஸ்ஏ மோடம் தன் சிப்பைத் தானே கொண்டுவரும், நல்லதுதான். ஆனால் ப்ராசஸரையே வேலை வாங்குகிற வின்மோடம் 486-க்கு ஆகவே ஆகாது. அப்புறம், நம் ஊர் இடி மின்னலுக்கு எந்த மோடமும் தாங்காது, சாயங்காலம் வானம் கறுத்தால் டெலிபோன் கம்பியைக் கழற்றி விடுங்கள்.

இப்போது அதே 486-இல் ஈஎஸ்பி8266 சிப் வைத்த வைஃபை மோடம் மாட்டியிருக்கிறேன், பழைய மோடங்களின் ஏடி கட்டளைகளையே கேட்கும், டயல் செய்வது போலவே டெல்நெட்டில் வேறு கணினிகளுக்குப் போகலாம். இதிலும் 115200-க்கு 16550ஏ வேண்டும். சில மலிவான பலகைகளில் ஆர்டிஎஸ், சிடிஎஸ் இணைப்பே கிடையாது, அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.