சிறுபடத் தரம்: எண்ணா, சொல்லா, விதியா?

படம் பார்க்கும் மென்பொருள்களில் ‘தம்நெயில் தரம்’ என்று ஒரு செட்டிங் இருக்கும். தம்நெயில் என்பது படங்களைத் திறக்காமலே பட்டியலில் காட்டும் சிறுபடம். அந்த ஒரு பெயருக்குள் நான்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன: சிறுபடம் எத்தனை பிக்சல், பெரிய படத்தை எந்த முறையில் சுருக்குவது, சுருக்கியதை டிஸ்க்கில் எவ்வளவு அழுத்திச் சேமிப்பது, அப்புறம் எல்லாவற்றையும் விட முக்கியமாக, சிறுபடத்தை எங்கிருந்து எடுப்பது. கமரா கோப்புக்குள்ளேயே வைத்துவிட்ட குட்டிப் படத்தை எடுப்பதா, முழுப் படத்தையும் திறந்து புதிதாகச் செய்வதா? எதைப் பற்றிக் கேட்கிறோம் என்று சொல்லாமல் ‘தரம்’ என்று மட்டும் போட்டால், பாவிப்பவர் குருட்டுத்தனமாக ஒன்றைத் தெரிவு செய்துவிட்டுப் போவார்.

மென்பொருள்கள் இதைக் கேட்கும் விதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் 0 முதல் 100 வரை இழுக்கும் ஸ்லைடர். இந்த வகை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 80 என்றதும் 80 வீதம் தரம் என்று யாரும் நினைப்பார்கள். படத்தை அழுத்திச் சேமிக்கும் வழமையான வடிவமான ஜேபெக்கில் (JPEG) அந்த எண் வீதமே இல்லை, எவ்வளவு விவரத்தைக் கழிப்பது என்று தீர்மானிக்கும் அட்டவணையைக் கூட்டிக் குறைக்கும் அளவு, அவ்வளவுதான். ஒரு மென்பொருளின் 80 இன்னொன்றின் 80 ஆக இருக்க வேண்டியதில்லை, ஃபோட்டோஷாப்பில் 0 முதல் 12 வரை வேறொரு கணக்கே இருக்கிறது. அதோடு, சிறுபடம் ஏற்கனவே மங்கலாக இருந்தால் 95 வைத்துச் சேமித்தாலும் அந்த மங்கல் கவனமாகச் சேமிக்கப்படும், வேறொன்றும் நடக்காது.

குறைவு, நடுத்தரம், உயர்வு என்ற மூன்று சொல் முறை கொஞ்சம் பரவாயில்லை. அடோபியின் படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் முன்னோட்டப் படத்தின் அளவுக்கு ஒரு பட்டியல், தரத்துக்கு இந்த மூன்று சொற்கள் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். பிரித்தது நல்ல வேலை. ஆனால் ‘நடுத்தரம்’ என்றால் எதை இழக்கிறேன், நேரத்தையா, இடத்தையா, தெளிவையா என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

படங்களைப் பார்த்து ஒழுங்குபடுத்தும் அடோபி பிரிட்ஜ் வேறு வழியில் போகிறது. அதில் மூன்று தெரிவுகள்: கோப்புக்குள் இருக்கும் படத்தை முதலில் எடு (வேகம்), தேவைப்படும்போது மட்டும் உயர்தரம், எப்போதும் உயர்தரம். மூன்றும் ‘எங்கிருந்து எடுப்பது’ என்ற கேள்விக்கான பதில்கள், அதுவும் செட்டிங் பக்கத்தில் புதைந்து கிடக்காமல் பிரதான ஜன்னலிலேயே இருக்கின்றன. எனக்குச் சரியென்று படுவது இந்தப் பாதைதான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

கமரா உள்ளே வைக்கும் வழமையான சிறுபடம் 160க்கு 120 பிக்சல். அது 4:3 வடிவம் என்பதால் 3:2 இல் எடுத்த படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண அல்பத்துக்குப் படம் தெரிவு செய்கிறார்கள் என்று வையுங்கள், பக்கத்தில் பெண் வீட்டாரும் இருக்கிறார்கள். மணவறையில் பத்துப் பேர் வரிசையாக நிற்கும் படத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 16 பிக்சல் அகலம், முகத்துக்கு அதிலும் பாதி கூட வராது. யார் கண்ணை மூடியிருக்கிறார் என்று அதில் எப்படிப் பார்ப்பது? இன்னொரு சிக்கல், படத்தை வெட்டித் திருத்திய பிறகும் சில மென்பொருள்கள் உள்ளே இருக்கும் குட்டிப் படத்தைப் புதுப்பிப்பதில்லை. வெட்டி நீக்கிய ஆள் அதில் அப்படியே நிற்பார், கோப்பை வேறு ஆட்களுக்கு அனுப்பினால் அவரும் சேர்ந்தே போவார். வேகம் மட்டும் வேண்டியவருக்கு இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

மறுபக்கம், ‘உயர்தரம்’ என்றாலே ஆமை வேகம் என்றும் சொல்ல முடியாது. ஜேபெக்கை நேரடியாக எட்டில் ஒரு பங்கு அளவில் திறக்க முடியும், 6000க்கு 4000 படம் 750க்கு 500 ஆக வந்துவிடும், கணக்கிடும் வேலை நன்றாகக் குறையும். ஆனாலும் கோப்பைப் பெரும்பாலும் முழுதாகவே வாசிக்க வேண்டும். ஆகவே பழைய ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ படம் வைத்திருப்பவருக்குத் தாமதம் அங்கேதான். ரோ கோப்பு (RAW, கமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமித்த படம்) என்றால் கதையே வேறு, அதைப் பதப்படுத்தத்தான் நேரம் போகும்.

ரோ படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான டார்க்டேபிள் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது: சிறுபடம் எந்த அளவைத் தொட்டால் உள்ளே இருக்கும் ஜேபெக்கை விட்டுவிட்டு ரோவிலிருந்து செய்ய வேண்டும் என்று கேட்கிறது. தெரிவுகள் விஜிஏ, 720பி, 1080பி, 4கே என்று சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்குப் போகும், கூடவே எப்போதும், ஒருபோதும் இல்லை என்பவையும் உண்டு. யோசனை அருமை, நான்கிலும் நேர்மையானது இதுதான் என்பேன். கேட்கும் விதம்தான் பொறியியலாளருக்கானது. கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் வாங்கிய கணினியில் நாள் முழுக்கப் படம் பிரிக்கும் பையனுக்கு அந்த வரி விளங்க வேண்டுமென்றால் யாராவது பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

செட்டிங்கே வேண்டாம் என்ற வழியும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் 96, 256 என்று பல அளவுகளில் தானே சேமித்துக்கொள்ளும், லினக்ஸ் டெஸ்க்டொப்களின் பொது விதியில் 128, 256, 512, 1024 பிக்சல். நாலு படம் பார்ப்பவருக்கு அது போதும்.

எந்த வழியை எடுத்தாலும் அநேகமான மென்பொருள்கள் கோட்டை விடும் ஓர் இடம், செட்டிங்கை மாற்றிய அந்தக் கணம். தரத்தைக் கூட்டிவிட்டுத் திரும்பினால் பழைய சிறுபடங்களே தெரியும், ஏனென்றால் அவை முன்பே சேமிக்கப்பட்டவை. பாவிப்பவர் ‘இது வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவார். அவர் சொல்வதில் பிழையே இல்லை. ‘இந்தக் கோப்புறையை இப்போதே புதுப்பிக்கவா?’ என்று ஒரு கேள்வி, பக்கத்தில் ஒரே படத்தின் பழைய, புதிய சிறுபடம் இரண்டும், அவ்வளவு போதும்.

நான் வடிவமைப்பதென்றால் பிரிட்ஜின் மூன்று தெரிவுகளை எடுத்து இப்படி எழுதுவேன்: ‘உடனே காட்டு, முகம் தெளிவாக இராது’, ‘திறந்து பார்த்த படத்தை மட்டும் தெளிவாக்கு’, ‘எல்லாவற்றையும் தெளிவாக்கு, முதல் தடவை காத்திருக்க வேண்டும்’. டார்க்டேபிளின் விதி உள்ளே தானாக ஓடட்டும். ஜேபெக் எண்ணை முன்னுக்கு வைக்கவே மாட்டேன்.