கோப்பு மாற்றித் தருபவர்களிடம் காசு கொடுக்கும் முன் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள்

குடும்பக் கணக்கெடுப்பு ஒன்றின் சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. 4,000 வரிசை, 1,480 நெடுவரிசை. பல விடை தேர்வு செய்யும் கேள்விகளில் ஒவ்வொரு விடைக்கும் ஒரு நெடுவரிசை விழும் என்பதால் இந்த அகலம் சாதாரணம்தான். எக்செல் கோப்பாக்கித் தரும் வேலையைக் காசு வாங்கிக்கொண்டு ஒரு தரவுச் சேவை எடுத்துக்கொண்டது. வந்த கோப்பு ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் திறந்தது. தலைப்புகளுக்கு நிறம்கூடப் போட்டிருந்தார்கள். ஆனால் கடைசி நெடுவரிசை ‘ஐவி’. அதாவது 256. மீதி 1,224 போன இடம் தெரியவில்லை. கேட்டால், “எக்செல் அவ்வளவுதான் சார் எடுக்கும்” என்று பதில்.

அது உண்மையில்லை. 256 நெடுவரிசை, 65,536 வரிசை என்பது பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தின் எல்லை. எக்செல் 2007 முதல் உள்ள எக்ஸ்எல்எஸ்எக்ஸ் 16,384 நெடுவரிசையும் 10,48,576 வரிசையும் கொள்ளும். பழைய வடிவில் சேமிக்கப் போனால் எக்செல் எச்சரிக்கத்தான் செய்யும். எச்சரிக்கையை அணைத்து வைத்த மேக்ரோவில் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரலில்) ஓடவிட்டால் யார் கண்ணிலும் படாது. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கொரோனா தொற்றுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதும் இதே பழைய வடிவத்தால்தான். அங்கே முட்டியது வரிசை எல்லை.

வாங்கியதும் கன்ட்ரோல், எண்ட் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ‘ஐவி’யில் நின்றால் எக்ஸ்எல்எஸ் வெட்டியது. ‘ஏஎம்ஜே’யில் நின்றால் 1,024, எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸின் 7.4க்கு முந்தைய பதிப்பில் ஏற்றிச் சேமித்திருக்கிறார்கள். ‘எக்ஸ்எஃப்டி’ என்றால் 16,384, எக்செலே நிரம்பிவிட்டது. மூலக் கோப்பின் கடைசித் தலைப்பும் இங்கே உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். நோட்பேடில் வரி எண்ணி வரிசைகளைச் சரிபார்க்க வேண்டாம். கட்டத்துக்குள் வரி உடைந்திருந்தால் கணக்கு தப்பும்.

சண்டை போட்டபின் ஆறு துண்டாக வெட்டித் தந்தார்கள். இது முன்னதைவிட மோசம். குடும்ப எண் முதல் துண்டில் மட்டும் இருந்தது. ஒரு துண்டை யாராவது அகரவரிசைப்படுத்தினால் போதும், ஒரு வீட்டின் விடை இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். அடையாள எண் ஒவ்வொரு துண்டிலும் முதல் நெடுவரிசையாக வேண்டும் என்று எழுத்திலேயே கேளுங்கள். “நீளவாக்கில் மாற்றித் தருகிறோம்”, அதாவது ஒவ்வொரு விடையையும் தனி வரிசையாக்குகிறோம் என்றால் பெருக்கிப் பாருங்கள்: 4,000 × 1,480 = 59,20,000 வரிசை. எக்செல் தாளில் அடங்காது.

உண்மையில் இந்த அளவுக்கு யாருக்கும் காசு தரவே தேவையில்லை. எக்செலில் ‘டேட்டா’ பட்டியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’, ‘ஃபைல் ஆரிஜின்’ என்ற இடத்தில் யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்தையும் தாங்கும் குறியீட்டு முறை), தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்ற தேர்வு, அவ்வளவுதான். இரட்டைச் சொடுக்கில் திறந்தால் 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகும், முன்னால் உள்ள பூச்சியம் போகும், ‘3-5’ என்ற விடை தேதியாகும்.

திரும்ப சிஎஸ்வி கேட்கும்போதும் கவனம். திறந்திருக்கும் ஒரு தாள் மட்டுமே சேமிக்கப்படும். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ அல்லாமல் வெறும் ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். எழுத்துரு மாற்றி அதை மீட்க முடியாது. மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.